தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம்

பசியாவரம்
ஞாயிறு, சாயங்காலம்

அன்புள்ள தேவதர்ஷினிக்கு,

நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால் அதற்கு நாலு பக்கம் ஆகும், கீழே வருகிறது. அங்கே உனக்கு இருமல் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது, ஏனென்றால் போன் பேசினால் நாலாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுகிறாய். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு நீ வைத்தது எனக்குக் கேட்டது, அதற்கு முன்னால் சொன்னதும் கேட்டது. "உனக்கு எல்லாத்துலயும் சண்டைதான் நைனா, நீ மீனவர்னு தலைவர்கிட்ட ஒரே ஒரு கடுதாசி, அதக்கூட வாங்கித் தரமாட்டேன்ற" என்றாய். கடுதாசி வாங்கிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் நீ கேட்ட கடுதாசி இல்லை இது. ஏன் இல்லை என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் மறுபடியும் வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி. நடுவில் அம்மாவுக்குப் போன் போட்டுக் கதை கேட்காதே, அவள் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வாள், இந்தத் தடவை அவள் பக்கம் நியாயம் வேறு இருக்கிறது.

முதலில் உங்கள் பல்கலைக்கழக மகளிர் மன்றத்தின் மலர். நீ அனுப்பியதை நான் முழுக்கப் படித்தேன், படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பேராசிரியர்களின் மனைவிமார் எழுபது வருஷத்துக்கு முன்னால் பொழுது போகாமல் டீ குடிக்கக் கூடினார்களாம், அப்புறம் பூ அடுக்கும் போட்டி, கேக் விற்பனை, பழைய புடவைக் கண்காட்சி என்று வளர்ந்து, அந்தக் காசில் பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்களாம். சிரிக்கிறேன் என்று நினைக்காதே. கேக் விற்று என் பெண்ணுக்கு முதல் வருஷம் ஹாஸ்டல் பணம் கட்டியவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியல் பார்த்தாயா? நூற்றுப் பதினாறு பெண்கள், அதில் தன் பேரில் இருப்பவர் யாருமில்லை. திருமதி இன்ன பேராசிரியர், திருமதி இன்ன துறைத் தலைவர் என்றே போகிறது. புருஷன் ரிட்டையர் ஆனால் அந்த அம்மாளுக்கு ஓட்டு இல்லை என்று கீழே விதி போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயோ பார்த்த ஏற்பாடு மாதிரி இருந்தது, எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

உன்னைப் பற்றி எழுதியிருந்ததை அம்மா கேட்டாள் என்று நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'விடியலில் தந்தை ஏரியில் வலை வீசிக்கொண்டிருக்க, மகள் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுப் பள்ளிக்குச் சென்றாள், இரவில் சிம்னி விளக்கில் படித்தாள்.' விடியலில் தந்தை தூங்கிக்கொண்டிருந்தார், பட்டறையை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார். மகள் நாற்பது பிள்ளைகளோடு எஞ்சின் படகில் எட்டு நிமிஷத்தில் பழவேற்காடு போனாள், அந்த எஞ்சினுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை கேஸ்கெட் மாற்றியவன் நான். சிம்னி விளக்கு வேறு! இன்வெர்ட்டர் போட்ட வீடு நம்முடையது, ஒயரிங் என் கையால் பண்ணியது. இதை யார் சொன்னது என்று கேட்டதற்கு, நான் ஏரின்னு மட்டும்தான் சொன்னேன் நைனா, மிச்சத்த அவங்களே எழுதிக்கினாங்க என்றாய். நம்புகிறேன். ஆனால் அச்சான பிறகு திருத்தச் சொன்னாயா என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உன் அம்மா பெருமை தாங்காமல் நான் எழுதிக் கொடுத்ததைப் போட்டோ பிடித்து ஊர் வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். வேறு ஊராக இருந்தால் நாலு பேர் கைதட்டல் பொம்மை போட்டுவிட்டுப் போவார்கள். நம் ஊரில் மொத்தப் பேரும் ஒரே ஒரு வரியைத்தான் படித்தார்கள்: தந்தை ஏரியில் வலை வீசுகிறார். மறுநாள் காலையில் தலைவர் பச்சைமுத்து மாமா ஆள் அனுப்பிவிட்டார். கோயில் எதிரில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "இன்னாடா சங்கரு, எவன் பாட்டுல பூந்து வலை போடற? எத்தினி நாளா நடக்குது இது?" என்கிறார். உனக்கு ஊர் வழக்கம் தெரியும், ஆனால் வெளியூரில் ஒரு வருஷம் இருந்துவிட்டாய், மறந்திருந்தால் சொல்கிறேன். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பதுதான் பாடு. பாட்டில் பேர் இல்லாதவன் வலை போட்டால் அது அடுத்தவன் வீட்டுச் சோற்றில் கை வைக்கிற மாதிரி. ஒரு வீட்டுக்கு ஒரு ஆம்பிளை பேர். நம் வீட்டுப் பேர் என்னிடம்தான் வர வேண்டியது, நான் ஐடிஐ முடித்துப் படகு எஞ்சின் பட்டறை போட்டபோது உன் சித்தப்பா தமிழ்வேந்தனுக்கு விட்டுக் கொடுத்தேன். நான் வலையைத் தொட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்படிப்பட்டவன் திருட்டுத்தனமாக வலை போடுகிறான் என்று விசாரணை! சாட்சி யார் என்றால் இரண்டு ராத்திரி ரயில் தூரத்தில் டீ குடிக்கும் பேராசிரியர் பெண்டாட்டிகள். மாமா, அது மலர் எழுதினவங்க கற்பனை என்றேன். "படிச்சவங்க சும்மாவா எழுதுவாங்க?" என்று ஒருத்தர் கேட்டார். அவர்களை நம்ப வைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நான் வலை போட்டால் மீனே மாட்டாது என்று தமிழ்வேந்தன் எழுந்து சொன்ன பிறகுதான் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

சரியாக இரண்டு நாள் கழித்து நீ போன் பண்ணினாய். இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் பொது நிதியில் கிடையாது, மலரில் உன் கதையைப் படித்துக் கமிட்டி உருகிப்போய், காலமான ஒரு அம்மாள் பேரில் இருக்கிற மீனவர் மகள் அறக்கட்டளைக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள், அதற்கு ஊர்த் தலைவர் கையெழுத்தோடு தந்தை மீன்பிடித் தொழிலில் இருக்கிறார் என்று சான்று வேண்டும், இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும், ஹாஸ்டலைக் காலி பண்ண வேண்டியதுதான். சாதிச் சான்றிதழ் இருக்கிறதே என்றேன், அது பிறப்பைச் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை என்றார்களாம். அதாவது, என்னை ஊரில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அதே பொய்யை, அதே கோயில் எதிரில், அதே மாமாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். நான் கத்தியது அதற்காகத்தான். நீ வைத்ததும் அதற்காகத்தான்.

நீ வைத்த பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள். மூன்றாம் நாள் வாய் திறந்து, "உன் நேர்மைய எடுத்துக்கினு போயி எஞ்சின்ல ஊத்துயா, ஓடுதான்னு பாக்கலாம். என் பொண்ணு பெட்டியத் தூக்கிக்கினு திரும்பி வரணுமா?" என்றாள். எனக்கும் அதே பயம்தான், சொல்லத் தெரியவில்லை அவ்வளவுதான். மாமாவிடம் போனேன். அவர் சாதாரண ஆளில்லை, என் ஐடிஐ வாத்தியாரை விடக் கறார். "மீனவன்னு எழுதணும்னா பாட்டுல பேர் இருக்கணும். பேர் இருந்தா முறை வர்ற அன்னிக்கி நீ ஏரியில நிக்கணும். சும்மா காயிதத்துல மீனவன்னு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கி ஊரே பட்டறை வச்சிக்கினு பாட்டுலயும் உக்காரும்" என்றார். ஒரு வீட்டுக்கு ஒரு பேர் என்பதால் நான் ஏறினால் தமிழ்வேந்தன் இறங்க வேண்டும். அவனிடம் கேட்கவே கூடாது என்றுதான் இருந்தேன், அவனாகவே வந்தான். "எடுத்துக்கோண்ணா, ரெண்டு வருசம்தான, நான் எங்கனா கூலிக்குப் போறேன். பாப்பா படிக்கட்டும்" என்றான். அவன் பின்னால் உன் சித்தி மஞ்சு சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன் தர்ஷினி. இதை உனக்கு மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சரி என்றேன். வெற்றிலை வைத்துப் பேர் மாற்றினார்கள்.

வியாழக்கிழமை என் முறை. மகளிர் மன்ற மலரை உண்மையாக்கும் பொருட்டு, விடியலில் தந்தை வலை வீசச் சென்றார். என்னோடு கூட்டு வலைக்காரர்கள் மூன்று பேர், ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தயாராக வந்திருந்தார்கள். நான் தண்ணீரின் ஆழம், இழுப்பு எல்லாம் பார்த்துத்தான் வலையை விட்டேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது, வலைக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. பத்தாவது நிமிஷத்தில் வலை எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அதை மட்டும் ஐந்தே நிமிஷத்தில் பிரித்து எடுத்துவிட்டேன், தொழில் சுத்தம். "மெக்கானிக்கு சூப்பரா மீன் புடிக்கிறாருப்பா, எஞ்சினையே புடிச்சிட்டாரு" என்றான் ஒருத்தன். சூரியன் மேலே வருவதற்குள் முதுகு விட்டுப்போய்விட்டது. கிடைத்தது என்ன தெரியுமா, ஒரு பிடி மடவைக் குஞ்சு, நாலு நண்டு, அதில் ஒன்று என் கட்டை விரலைப் பதம் பார்த்துவிட்டது. அதே இடத்தில் போன முறை தமிழ்வேந்தன் இரண்டு கூடை எடுத்தான்.

கரையில் உன் அம்மாவும் மற்றப் பெண்களும் அன்னக்கூடையோடு நின்றார்கள், எப்போதும் போல வரும் மீனை எடுத்துக்கொண்டு, அக்கரையில் பஸ் பிடித்துப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போக. அவர்களில் மூத்தவள் காந்தா அக்கா, ஏலத்தில் அவள் வாய் திறந்தால் யாவாரிகள் வாய் மூடிக்கொள்ளும். என் கூடையை எட்டிப் பார்த்தாள். "இது இன்னா சங்கரு, சாமிக்குப் படைக்கவா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, கூடையை வாங்கிக் குஞ்சுகளைத் திரும்பத் தண்ணீரில் கொட்டிவிட்டு, நாலு நண்டையும் காலைக் கட்டித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள், இதைக்கூட விற்றுவிடுவாள் என்று தெரிந்தது. நான் எரிச்சலில், இந்த வேசம் எல்லாம் எனக்காகவா போடுறேன், மீனவன்னு கடுதாசி இல்லன்னா பாப்பா படிப்பு போயிடும் என்றேன். காந்தா அக்கா தன் கூடையைக் கீழே வைத்தாள். "அதுக்கு நீ இன்னாத்துக்குய்யா மீனவனாவணும்? உன் பட்டறைக்கு ஒரு எஞ்சினு வராம ரெண்டு வருசம் ஈ ஓட்டிக்கினு இருந்தியே, அப்ப உங்க வீட்டுல உலை வச்சது யாரு? அந்தப் பொண்ணு பொறந்து நாப்பது நாள்ல கூடையத் தூக்கிக்கினு பஸ் ஏறினது யாரு? மீனு உன்னத் தெரியாதுய்யா, அவளத்தான் தெரியும்" என்றாள். அம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

பட்டறைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து மன்றத்தின் படிவத்தை எடுத்தேன். எஞ்சின் ஓடவில்லை என்றால் முதலில் டீசல் இருக்கிறதா என்று பார், பிறகு பிரி என்று என்னிடம் வேலை கற்க வருகிறவனுக்கெல்லாம் சொல்கிறவன், நான் படிவத்தையே சரியாகப் பார்க்காமல் ஊரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பெண்களே நடத்தும், பெண் பிள்ளைகளுக்காக எழுபது வருஷமாக இருக்கும் மன்றத்தின் படிவத்தில் தந்தை பெயர், தந்தையின் தொழில், தந்தையின் கையொப்பம் என்று மூன்று கட்டம். தாய்க்குப் பெயர் எழுத ஒரு கோடு, அவ்வளவுதான், தொழிலுக்கு இடமே இல்லை. அவர்களைத் திட்டத்தான் வாய் எடுத்தேன். அப்புறம் போன வருஷம் நாம் அனுப்பிய படிவத்தின் நகலைப் பார்த்தேன். அந்தக் கோட்டில் ஜமுனா என்று எழுதி, யாரும் கேட்காமலே பக்கத்தில் இல்லத்தரசி என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. அதற்குக் கீழே எல்லாம் சரி என்று உன் கையெழுத்து. நாம் இரண்டு பேரும் அன்று சாப்பிட்ட இட்லி அவள் மீன் விற்றுவிட்டு வரும்போது பொன்னேரியில் வாங்கி வந்தது. அந்த உறுப்பினர் பட்டியல் எங்கே பார்த்த ஏற்பாடு என்று அப்போதுதான் பிடிபட்டது. நம் ஊரில் பாடு எழுதும் புத்தகத்திலும் ஒரு பெண் பேர் கிடையாது. அவர்களுக்கு வாத்தியார் பேர், நமக்கு வலைக்காரன் பேர். அவர்கள் பரவாயில்லை, திருமதி என்றாவது போட்டுக்கொள்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக மாமாவிடம் போய்ப் பாட்டில் தமிழ்வேந்தன் பேரைத் திரும்ப எழுதச் சொன்னேன். "இன்னாடா, ஒரே நாள்ல மீனவனாவும் ஆயிட்ட, ரிட்டேரும் ஆயிட்ட?" என்றார், ஆனால் உடனே எழுதிவிட்டார், அவருக்கும் வியாழக்கிழமை சேதி போயிருக்கும். மஞ்சுவிடம் போய்ச் சொன்னேன், டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை அதிகம். பிறகு மாமாவிடம், ஜமுனா மீன் தொழில் செய்கிறாள் என்று கடுதாசி தாருங்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் முறைத்தார். "பொம்பள பேர்ல இந்த ஊர்ல கடுதாசி குடுத்து வழக்கம் இல்ல. விக்கிறது யாவாரம்டா, புடிக்கிறதுதான் தொழில்" என்றார். நான் சட்டம் பேச ஆரம்பித்தேன், அவர் எழுந்து போய்விட்டார், நான் பேசினால் எல்லாரும் எழுந்துதான் போகிறார்கள், உனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. அம்மாவிடம் சொன்னேன். அவள், இதையெல்லாம் எனக்குக் கேக்கத் தெரியாதா, நீ இன்னாத்துக்குப் போன என்றாள்.

சனிக்கிழமை காலையில் படகுகள் கரைக்கு வந்தபோது ஊரில் மீன் விற்கும் இருபத்திரண்டு பெண்களும் வந்திருந்தார்கள், கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு சீரியல் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் படகிலேயே கிடந்தது. அன்று மாமாவின் சொந்த முறை வேறு, நல்ல பாடு, இறால் குவிந்து கிடந்தது. அவர் வந்து "இன்னா காந்தா, மீனு கெட்டுடும்மே" என்றார். காந்தா அக்கா உட்கார்ந்தபடியே, "புடிக்கிறதுதான தலீவரே தொழிலு, புடிச்சிட்டீங்க இல்ல? இனிமே அதுவே நடந்து பொன்னேரிக்குப் போயிடும், பஸ் நம்பர மட்டும் சொல்லி அனுப்புங்க" என்றாள். ஆம்பிளைகளே சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் எழுந்து அவர் எதிரில் போய் நின்று, "மாமா, நான் இல்லாதத எழுதச் சொல்லல. இருக்கறத எழுதுங்க" என்றாள், அவ்வளவுதான் பேசினாள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்கு அவர் பேனா கேட்டார். நான் நீட்டிய பேனாவை வாங்கவில்லை, காந்தா அக்கா ஏலத்துக்கு வைத்திருந்ததை வாங்கி எழுதினார். மீனவர் என்று எழுத அவர் கடைசி வரைக்கும் சம்மதிக்கவில்லை. 'இந்தக் குடும்பம் ஏரி மீனால் பிழைக்கும் குடும்பம். அந்தத் தொழிலைப் பத்தொன்பது வருடமாகச் செய்து வருபவர் ஜமுனா. இவரது கணவர் மீன் பிடிக்கத் தெரியாதவர் என்பதை ஊர் நேரில் கண்டது.' கடைசி வரி தேவையில்லை என்று நான் சொன்னேன், உண்மையைத்தானே கேட்டீர்கள் என்று முத்திரை குத்திவிட்டார். அவர்கள் கூடைகளை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். ஒரு பஸ் தவறிவிட்டது, அம்மாவுக்கு அன்று வியாபாரம் குறைவு, சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் உங்கள் மன்றச் செயலாளர் ஹேமாவதி அம்மாளுக்கு நானே போன் போட்டேன், நம்பர் மலரில் இருந்தது. நல்ல தமிழ் பேசுகிறார், தஞ்சாவூர்ப் பக்கமாம், கல்யாணம் ஆகி அங்கே போய் முப்பது வருஷமாம். மலரில் இருக்கிற நாலு தப்பையும் சொன்னேன், ஐயோ, அது இலக்கியமா இருக்கட்டும்னு எழுதினது என்றார். சிம்னி விளக்கு இலக்கியமா என்று கேட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன், அம்மா பக்கத்தில் நின்று கையைக் கிள்ளினாள். தாயின் தொழில் பேரில் தரலாமா என்றதற்கு அவர் பைலை எடுத்துப் புரட்டும் சத்தம் கேட்டது. "அறக்கட்டளை வச்ச அம்மா மீனவர் மகள்னு மட்டும்தான் எழுதியிருக்காங்க, அப்பான்னு எழுதல, படிவம் அடிச்சது நாங்கதான்" என்றார். எழுபது வருஷமா யாரும் கேக்கலையா என்றேன். "நாங்களே எங்க பேர்ல இல்லையே சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. ஆனால் ஒரு சிக்கல் சொன்னார், அது நான் செய்த சிக்கல். போன வருஷம் இல்லத்தரசி என்று இருக்கிறது, இந்த வருஷம் மீன் தொழில் என்று வந்தால், பணத்துக்காக மாற்றி எழுதுகிறோம் என்று கமிட்டியில் கேட்பார்களாம். பொய்யான மலரை வைத்து உனக்கு இடம் கொடுத்தார்கள், உண்மையான கடுதாசியை வைத்து அதைப் பிடுங்கினாலும் பிடுங்கலாம். நான் ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன், மூன்றே வரி. 'போன ஆண்டு என் மனைவியின் தொழிலை நான் தவறாக எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவர் அதிகாலை நாலு மணிக்குப் போய் நான் எழுந்திருப்பதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவதால் எனக்கு அது தொழிலாகத் தெரியவில்லை.' இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இப்பவாச்சும் தெரிஞ்சுதே என்றாள்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. இருபதாம் தேதி கமிட்டி கூடும்போது நீயும் போ. மலரில் வந்தது தப்பு என்று முதலில் நீயே சொல்லு, அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதே. அவமானமாக இருந்தால் இருக்கட்டும், வலை விசிறியில் சுற்றியபோது எனக்கு இருந்ததை விடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த அம்மாள்களிடம் மரியாதையாகப் பேசு, கேக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே, அதில்தான் உன் ஹாஸ்டல் இருக்கிறது. நிதி கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறாதே, அங்கேயே இரு, எனக்குப் போன் பண்ணு. பட்டறையில் கடைசல் இயந்திரம் ஒன்று இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான், அம்மாவும் நானும் பேசிவிட்டோம், இது தியாகம் கியாகம் என்று அழாதே, அது எப்படியும் பழசு. ஆனால் சித்தப்பா பாட்டை எடுத்து நீ படிக்க மாட்டாய், நானும் எடுத்துக் கொடுக்க மாட்டேன், அது முடிந்த விஷயம். தமிழ்வேந்தனுக்கு ஒரு போன் போட்டுப் பேசு, நன்றி என்று சொல்லாதே, சும்மா பேசு. இருமலுக்கு மாத்திரையை மாற்றிக்கொண்டே இருக்காமல் டாக்டரைப் பார். குளிருக்கு முன்னால் ஸ்வெட்டர் வாங்கு, நீ வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாலாவது நிமிஷத்துக்கு மேல் பேசப் பழகு, நானும் கத்தாமல் பேசிப் பார்க்கிறேன், உறுதி சொல்லவில்லை.

நீ நோய் நொடி இல்லாமல் இருந்து, எடுத்த படிப்பை முடித்து, உன் பேரிலேயே நாலு பேர் உன்னைக் கூப்பிடும்படி இருக்க வேண்டும், வேறு என்ன கேட்கப் போகிறேன். அம்மா நாளைக் காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது இந்த உறையைப் பொன்னேரியில் ரிஜிஸ்டர் தபாலில் போடுவாள். உள்ளே மூன்று காகிதம் இருக்க வேண்டும், எண்ணிப் பார்: தலைவர் கடுதாசி, என் விளக்கம், படிவம். படிவத்தில் தந்தையின் தொழில் என்பதை ஸ்கேல் வைத்து நேராக அடித்துத் தாயின் தொழில் என்று மேலே எழுதியிருக்கிறேன், மை கொஞ்சம் பரவிவிட்டது, பரவாயில்லை என்று ஹேமாவதி அம்மாளிடம் சொல். தந்தையின் கையொப்பம் என்ற இடத்தில் அம்மா போட்டிருக்கிறாள், கட்டத்துக்குள் அடங்காமல் பெரிதாக. இரண்டு தடவை வேறு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.

அதற்குக் கீழே, சாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது,

உன் நைனா,
சி. சிவசங்கர்,
ஜமுனாவின் கணவர்.